"எக்ஸ்ரே பொய் சொல்லாது": ஒரு வாக்கியத்தின் மீதான விமர்சனக் குறிப்பு

பல் மருத்துவம் பற்றித் தமிழில் வரும் துண்டுப் பிரசுரங்கள், கிளினிக் வீடியோக்கள், வார இதழ் கேள்வி-பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு கருத்து ஏதாவது ஒரு உருவத்தில் வந்துவிடும்: கண்ணுக்குத் தெரியாததை எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். பேச்சு வழக்கில் சொன்னால், "எக்ஸ்ரே பொய் சொல்லாது." வீட்டில் பெரியவங்க சொல்வது இதற்கு நேர் எதிர்: "பல்லுக்கெல்லாம் எதுக்கு எக்ஸ்ரே? உடம்புக்கு ஆகாது." பல நேரம் ஒரே ஆளே இரண்டையும் நம்புகிறார். முதலில் எடுக்க மறுப்பார். எடுத்த பிறகு அந்தப் படத்தில் இருப்பதுதான் கடைசி வார்த்தை என்று தலையாட்டிவிடுவார்.

நான் பல் மருத்துவன் இல்லை. கிடைத்த பாடப்புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்துக் குறிப்பு எடுப்பவன். கடந்த சில மாதங்களாகச் சேர்ந்த குறிப்புகளிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். பல் எக்ஸ்ரே ஒரு கேள்விக்குப் பதில் தேடும் கருவி. கேள்வி இல்லாமல் எடுத்த படமும் கெடுதல் செய்யும், கேள்வி இருந்தும் எடுக்காமல் விட்ட படமும் கெடுதல் செய்யும். நம்ம ஊரில் இரண்டும் நடக்கிறது. நஷ்டம் பல்லுக்குத்தான்.

படத்தில் இருப்பது நிழல்

எக்ஸ்ரே கதிர் போகும் வழியில் தாதுச்சத்து எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே அதிகம் தடுக்கப்படும். அதனால்தான் எனாமல் வெள்ளையாகவும், அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் சாம்பலாகவும், நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் நடுப்பகுதி கருப்பாகவும் விழுகிறது. சொத்தை என்பது தாதுச்சத்து கரைந்துபோன இடம். ஆகவே அது கருப்பு. இதுவரை எல்லா வீடியோவும் சொல்லும். சொல்லாமல் விடுவது இனிமேல் வருவது.

முதல் விஷயம், கருப்பு தெரிய வேண்டுமென்றால் ஏற்கனவே நிறைய இழந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் தாதுச்சத்து போன பிறகுதான் படத்தில் வித்தியாசம் கண்ணுக்குப் படும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எலும்பிலும் இப்படித்தான். 1961-ல் பெண்டர், செல்ட்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இறந்தவர்களின் தாடை எலும்பில் செயற்கையாகக் குழிகள் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குழி உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்போடு நின்றவரை படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வெளிப்புறக் கெட்டி எலும்பைத் தொட்ட பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. அதாவது "படத்தில் ஒண்ணும் இல்லை" என்றால் "உள்ளே ஒண்ணும் இல்லை" என்று பொருள் இல்லை.

இரண்டாவது, மூன்று பரிமாணத்தில் இருக்கும் ஒரு பொருளைத் தட்டையாக்கி இரண்டு பரிமாணத்தில் வைக்கிறோம். கன்னத்துப் பக்கம் இருக்கும் குழியும் நாக்குப் பக்கம் இருக்கும் குழியும் படத்தில் ஒரே இடத்தில் விழும். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். அவை ஒன்றின் மேல் ஒன்று விழுவதோடு, சில சமயம் கன்ன எலும்பின் நிழலும் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: நோயே இல்லாமல் விழும் கருப்புகள். நான்கு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, பல்லின் கழுத்துப் பகுதி. மேலே எனாமல் முடிந்து, கீழே எலும்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. அங்கே கதிரைத் தடுக்க அதிகம் எதுவும் இல்லாததால் இரண்டு ஓரத்திலும் கருப்பாக, அச்சு அசல் சொத்தை போலவே விழும்.

இரண்டு, நம் கண்ணே செய்யும் கோளாறு. நல்ல வெளுப்பும் சாம்பலும் சந்திக்கும் கோட்டுக்குப் பக்கத்தில், இல்லாத ஒரு கருங்கோட்டைக் கண் தானாகப் போட்டுக்கொள்ளும். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய மாயை இது. எனாமலும் டென்டினும் சந்திக்கும் இடத்தில் இதே மாயை சொத்தை வேஷம் போடும்.

மூன்று, கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்குப் பக்கத்தில் ஒரு துளை எல்லோருக்கும் இருக்கிறது. உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வரும் வாசல் அது. படம் எடுக்கும் கோணம் கொஞ்சம் மாறினால் அந்தத் துளை நேராக வேர்நுனி மேல் போய் உட்கார்ந்து, சீழ்க்கட்டி மாதிரியே தெரியும்.

நான்கு, கீழ் முன்பற்களின் வேர்நுனியில் எலும்பு தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் ஒரு நிலை. நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆரம்பக் கட்டத்தில் வட்டமாகக் கருப்பு விழும். பல் உயிரோடு இருக்கும், வலி இருக்காது, சிகிச்சையும் பொதுவாக வேண்டாம். படத்தை மட்டும் பார்ப்பவர் நல்ல பல்லுக்கு ரூட் கேனல் செய்துவிட முடியும்.

கடைசி இரண்டிலும் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளியது. குளிர்ச்சியான ஒன்றைப் பல்லில் வைத்து "சில்லுன்னு இருக்கா?" என்று கேட்பது. தட்டிப் பார்ப்பது. வேறொரு கோணத்தில் இன்னொரு படம் எடுப்பது: கோணம் மாறும்போது அந்தக் கருப்பு வேரை விட்டு விலகினால் அது வேரோடு ஒட்டியது இல்லை. நல்ல பல் மருத்துவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஆக படம் பொய் சொல்வதும் இல்லை, உண்மை சொல்வதும் இல்லை. பார்ப்பவர் கையில் இருக்கும் மற்ற தகவல்களோடு சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஒரு கையை இழந்தவர் சொன்னது

இந்த எச்சரிக்கை புதிதில்லை. வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ரான்ட்கென் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. டிசம்பர் கடைசியில் கட்டுரை வெளிவருகிறது. சில வாரங்களில், 1896 ஜனவரியில், அதே நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகடை வைத்துத் தன் பற்களைப் படம் எடுக்க வைக்கிறார். 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த வேலை ஒரு வினாடியின் சிறு பகுதியில் முடிகிறது.

அதே 1896-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் தன் கிளினிக்கில் எக்ஸ்ரே கருவியை நிறுவுகிறார். அந்தக் காலத்தில் கதிர் சரியான அளவில் வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே குறுக்கே நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நோயாளி ஒவ்வொருவருக்கும் இப்படி. பல வருடம் கழித்து அந்தக் கையில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின, பிறகு கை, பிறகு மேற்கை. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. 1928-ல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர் 1901-லேயே கினிப் பன்றிகளை வைத்துச் சோதனை செய்து, இந்தக் கதிர் உயிரைக் கொல்லும், கருவியைச் சுற்றி ஈயம் போடுங்கள் என்று எழுதியிருந்தார். அப்போது அதைக் கேட்டவர்கள் குறைவு.

கெல்ஸ் கதையைக் கதிர்வீச்சின் ஆபத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் என் விமர்சனத்துக்கு நெருக்கமானது.

1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, மோசமாகச் செய்த பல் வேலைக்கு அடியில் தேங்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம் என்று கடுமையாகச் சாடினார். அந்தக் கருத்து அமெரிக்காவில் காட்டுத்தீ மாதிரி பரவியது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்றுப் புண்ணா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்ஸியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற தலைமை மருத்துவர், மனநோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்க வைத்தார். பல்லோடு நிற்காமல் குடல் வரை போனார். உயிர்களும் போயின.

இந்தப் பிடுங்கலுக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது? எக்ஸ்ரேயிலிருந்து. வேர்நுனியில் கொஞ்சம் கருப்பு தெரிந்தால் போதும். "இதோ, படத்திலேயே இருக்கே!" பல்லைத் தட்டிப் பார்ப்பதும் இல்லை, நோயாளியிடம் கேட்பதும் இல்லை. அந்த அலை உச்சத்தில் இருந்தபோது, 1920-ல், அதை எதிர்த்துக் கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர் கெல்ஸ். பல் எக்ஸ்ரேயை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரே, மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார் என்பதற்காகப் பல்லைப் பிடுங்காதீர்கள் என்று தன் தொழில்காரர்களிடம் சொன்னார். 1940-ல் ரெய்மான், ஹேவன்ஸ் என்பவர்கள் அந்தக் கொள்கையின் ஆதாரங்களை அலசி, அது நிரூபிக்கப்படாதது என்று எழுதிய பிறகு அலை மெல்ல வடிந்தது. பிடுங்கிய பற்கள் திரும்ப வரவில்லை.

படம் இல்லாமல் முடியாத இடங்கள்

இவ்வளவு எழுதியதால் நான் எக்ஸ்ரேக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடுக்கில் வரும் சொத்தையைக் கண்ணாடியால் பார்ப்பது கஷ்டம். அதற்காகவே 1925-ல் ஹோவர்ட் ரேப்பர் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: ஒரு சிறு இறக்கையைக் கடித்துக்கொண்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பது. பைட்விங் என்று பெயர். நூறு வருடம் ஆகியும் இடுக்குச் சொத்தைக்கு அதுதான் அன்றாட முறை. ஈறு நோயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, ரூட் கேனல் செய்யும்போது வேரின் முனை எங்கே, ஞானப்பல்லின் வேருக்கும் கீழ்த்தாடை நரம்புக்கும் எவ்வளவு நெருக்கம் என்ற கேள்விகளுக்கெல்லாம் படம் இல்லாமல் கை வைப்பது இருட்டில் ஊசி கோர்ப்பது மாதிரி.

கவனியுங்கள், மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வியைப் பொறுத்துப் படமும் மாறும். ஒரு பல்லின் வேரைப் பார்க்க ஐஓபிஏ. இடுக்குச் சொத்தைக்கு பைட்விங். முழுத் தாடைக்கு ஓபிஜி. நரம்பின் இடத்தை மூன்று பரிமாணத்தில் பார்க்க சிபிசிடி.

நம்ம ஊர் "ஃபுல் செக்-அப்" பேக்கேஜ்களில் என் குறை இங்கேதான். யார் வந்தாலும் முதலில் ஒரு ஓபிஜி. அது பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும். 32 பல்லும் சிரிக்கும். ஆனால் பற்களின் நிழல் ஒன்றோடு ஒன்று மேலே விழுவதால் இடுக்குச் சொத்தையைப் பார்க்க அது பலவீனமான படம். செக்-அப்புக்கு வருபவரிடம் பெரும்பாலும் தேட வேண்டியதோ அந்த இடுக்குச் சொத்தையைத்தான். அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகம் 1987-லேயே யாருக்கு எப்போது பல் எக்ஸ்ரே என்று வழிகாட்டி வெளியிட்டது. 2004-லும் 2012-லும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தோடு சேர்ந்து திருத்தியது. சொத்தை இல்லாத, அபாயம் குறைந்த வயதுவந்தவருக்கு 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை பைட்விங். சொத்தை இருப்பவருக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை. அதுவும் வாயைப் பார்த்த பிறகு. முதலில் கண், பிறகு படம் என்பதுதான் அதன் அடிப்படை.

எடுத்த படத்தில் எனாமலின் வெளிப்பாதியில் மெல்லிய நிழல் தெரிந்தால் உடனே துளை போட வேண்டியதில்லை என்பதும் இன்றைய பாடம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மேற்பரப்பு உடைந்திருக்காது. ஃப்ளோரைடு, இடுக்குச் சுத்தம், இனிப்பைக் குறைப்பது என்று நிறுத்திப் பார்க்கலாம். நின்றதா வளர்ந்ததா என்பதற்கு ஒரு வருடம் கழித்து எடுக்கும் இரண்டாவது படம்தான் சாட்சி.

பயத்தின் கணக்கு

இப்போது அடுத்த தரப்பு. டிஜிட்டல் சென்சாரில், அதாவது கிளினிக்கில் ஆர்விஜி என்று சொல்வதில், ஒரு பல்லுக்கு எடுக்கும் படத்தின் கதிர் அளவு சில மைக்ரோசீவர்ட். உலக சராசரியில் மண், காற்று, வானம், உணவு வழியாக ஒரு மனிதர் வருடத்துக்குப் பெறுவது சுமார் 2,400 மைக்ரோசீவர்ட். நாளைக்கு ஆறு, ஏழு. ஆக ஒரு ஆர்விஜி படம், சும்மா ஒரு நாள் வாழ்வதற்குச் சமம். மோனசைட் மணல் கிடக்கும் நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் இயற்கையான அளவே சராசரியை விட அதிகம். சிபிசிடி கணக்கு வேறு: கருவியையும் பரப்பையும் பொறுத்துச் சில பத்திலிருந்து பல நூறு மைக்ரோசீவர்ட் வரை போகும். அதை "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுக்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

இந்த வித்தியாசம் தெரியாமல் மொத்தமாகப் பயப்படுவதன் விலை என்ன? என் சொந்தத்தில் ஒரு அக்காவுக்கு நாலாம் மாதத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் வீங்கியது. போன இடத்தில், "மாசமா இருக்கீங்க, படம் எடுக்க முடியாது, டெலிவரி முடியட்டும்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதைத்தான் எல்லோரும் ஆமோதித்தார்கள். வீக்கம் வற்றும், திரும்ப வரும். கடைசி மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. குழந்தை பிறந்த பிறகு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2013-லேயே, கர்ப்ப காலத்தில் தேவையான பல் எக்ஸ்ரே பாதுகாப்பானது, கர்ப்பிணிகளுக்கு அந்த தைரியத்தைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியிருக்கிறது. கதிர் போவது தாடைக்கு. கருப்பைக்குச் சிதறிப் போவது மிக மிக அற்பம். அங்கே கேள்வி இருந்தது, படம் எடுக்கப்படவில்லை.

ஈய ஏப்ரன் விஷயமும் இதில் சேரும். அதைப் போர்த்திவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். 2024 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், வயிற்று ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனி வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அவை தடுப்பது குறைவு, படத்துக்குக் குறுக்கே வந்தால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்பது காரணம். அதற்குப் பதில் அவர்கள் வலியுறுத்தியது: தேவையான படத்தை மட்டும் எடுங்கள், கதிரைச் செவ்வகமாகக் குறுக்குங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டக் குழாயில் 6 செ.மீ. விட்டத்தில் வரும் கதிரின் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. உள்ளே வைக்கும் ஃபிலிமின் பரப்பு 13-க்கும் குறைவு. பாதிக்கு மேல் கதிர் படத்துக்கு உதவாமல் முகத்தில்தான் விழுகிறது. நான் பார்த்த கிளினிக்குகளில் ஏப்ரன் சுவரில் தொங்குகிறது. செவ்வகக் குழாயை இதுவரை பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பைத்தான் நாமும் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

படம் யாருடையது?

இந்தியாவில் பல் எக்ஸ்ரே கருவி வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அது நல்லதுதான். ஆனால் அந்த அனுமதி கருவிக்கு. இந்த நோயாளிக்கு இன்றைக்கு இந்தப் படம் தேவையா என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. அதை நாற்காலியில் நடக்கும் பேச்சுதான் முடிவு செய்யும். அந்தப் பேச்சுதான் நம்மிடம் குறைவு. மானிட்டரைத் திருப்பி, "இதோ கருப்பா தெரியுது பாருங்க" என்கிறார் டாக்டர். "ஆமா டாக்டர்" என்கிறோம். உண்மையில் நமக்கு எல்லாமே கருப்பாகத்தான் தெரிகிறது. இப்போது படத்தில் சொத்தையைத் தானாகக் கண்டுபிடித்துச் சிவப்புக் கட்டம் போடும் மென்பொருள்களும் வந்துவிட்டன. கவனக்குறைவைக் குறைக்க அவை உதவலாம். ஆனால் சிவப்புக் கட்டத்தைப் பார்த்த பிறகு "இல்லை டாக்டர், யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வர எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொரு நடைமுறைக் குறை. ஆர்விஜி படம் கிளினிக்கின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. ஊர் மாறினால், டாக்டர் மாறினால், புதிதாக ஒரு படம், புதிதாக ஒரு பில். ஒரு நிழல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைச் சொல்லும் பழைய படம் கையில் இல்லாததால், புது டாக்டர் ஒவ்வொரு நிழலையும் புது நோயாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய படம் பக்கத்தில் இருந்தால் நிறையத் துளைகள் போடாமலே போகும் என்று நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "எதைத் தெரிஞ்சுக்க இந்தப் படம் எடுக்கிறீங்க?" "படத்தில் தெரிவது, நீங்க வாயில் பார்த்ததோடு ஒத்துப் போகுதா?" "படத்தை எனக்கு அனுப்ப முடியுமா?" மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், முதல் கேள்விக்குப் பதில் அவரிடம் தயாராகவே இருக்கும். அவர் தெளிவாகப் பதில் சொன்னால், கதிர்வீச்சை நினைத்துத் தயங்காமல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும் எடுக்கறதுதான்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், முதலில் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய படத்தை வாட்ஸ்அப்பில் தொலையவிடாமல், தேதி போட்டு ஓர் இடத்தில் சேர்த்து வையுங்கள்.